கண்ணுக்குத் தெரியாத தளம்

பள்ளி விடுமுறையின் இரண்டாம் நாள். தைப்பிங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வந்திருந்த யாழினியின் குடும்பத்தினர், இரவு எட்டு மணியளவில் கே.எல்.சி.சி. பூங்காவை அடைந்தனர். குளத்து நீரூற்றுகள் வண்ண விளக்கொளியில் இசைக்கேற்ப எழுந்தும் தாழ்ந்தும் ஆடின. அவற்றுக்குப் பின்னால் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் வெள்ளியை உருக்கி வார்த்தது போல் மின்னியது.

யாழினி தன் குறிப்பேட்டைத் திறந்தாள். விடுமுறை முடிந்ததும் இக்கோபுரத்தைப் பற்றி அவள் வகுப்பில் உரையாற்ற வேண்டும்.

“உயரம் 452 மீட்டர், 88 மாடிகள். வடிவமைத்தவர் சீசர் பெல்லி. 1998 முதல் 2004 வரை உலகின் மிக உயரமான கட்டடம். 41, 42ஆம் மாடிகளில் உள்ள வான்பாலம் தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சரிதானே, அப்பா?”

கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்த அப்பா தலையசைத்தார். தாத்தா மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. கைத்தடியை ஊன்றியபடி, கோபுரம் தரையைத் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாத்தா, எல்லாரும் மேலே பார்க்கிறார்கள். நீங்கள் கீழே எதைத் தேடுகிறீர்கள்?”

“நான் வேலை செய்த பகுதி கீழேதானம்மா இருக்கிறது.”

யாழினி வியப்புடன் நிமிர்ந்தாள். தாத்தா லோரி ஓட்டியவர் என்பது அவளுக்குத் தெரியும். இங்கே வேலை செய்தார் என்பதை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

“இந்த இடம் முன்பு குதிரைப் பந்தயத் திடல். நிலத்தடியில் ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை. மறுபக்கம் இளகிய மண். அதனால் கோபுரம் கட்டும் இடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். ஒவ்வொரு கோபுரத்துக்கும் 104 கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் இறக்கினார்கள். சில தூண்கள் 100 மீட்டருக்கும் மேல் ஆழம். அவற்றின் மேல் கனத்த கான்கிரீட் தளம். அந்தத் தளத்துக்கு லோரி ஓட்டியவர்களில் நானும் ஒருவன். அப்போது நாங்கள் செந்தூலில் குடியிருந்தோம்.”

யாழினி பக்கங்களைப் புரட்டினாள். “ஒரு கோபுரத்தின் தளத்துக்கு 13,200 கன மீட்டர் கான்கிரீட். 54 மணி நேரம் நிறுத்தாமல் ஊற்றினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் லோரி எவ்வளவு கொள்ளும், தாத்தா?”

“ஆறு கன மீட்டர்.”

அவள் பென்சிலால் வகுத்துப் பார்த்தாள். “அப்படியானால் 2,200 நடை!” என்றாள். “ஏன் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும்? இரவில் ஓய்வெடுத்துவிட்டுக் காலையில் தொடரக் கூடாதா?”

“பாதியில் நிறுத்தினால் ஊற்றியது இறுகிவிடும். மறுநாள் ஊற்றுவது அதனோடு நன்றாக ஒட்டாது. இரண்டுக்கும் இடையே ஒரு கோடு விழும். அந்தக் கோடுதான் தளத்தின் பலவீனம். ஒரு லோரி தாமதித்தாலும் பின்னால் வரும் வேலை தடைப்படும்.”

தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “இரண்டாம் நாள் மாலையில்தான் உன் அப்பாவின் பள்ளியில் பரிசளிப்பு விழா. வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். போக முடியவில்லை.”

அப்பாவின் கை தாழ்ந்தது. “பள்ளி வாசலில் இருட்டும் வரை நின்றேன்,” என்றார். “நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றுதான் இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.”

“மறக்கவில்லையப்பா. வீட்டுக்கு வந்தபோது நீ தூங்கிவிட்டாய். கோப்பை உன் தலைமாட்டில் இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. மறுநாள் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாதது என் தவறு.”

நீரூற்றின் இசை ஓய்ந்தது. கூட்டம் கலையத் தொடங்கியது. அப்பா கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத் தாத்தாவின் கையைப் பற்றிக்கொண்டார்.

“எந்தப் பக்கம் ஊற்றினீர்கள்? வந்து காட்டுங்கள், அப்பா.”

இருவரும் கோபுரத்தின் அடிப்பகுதியை நோக்கி மெல்ல நடந்தனர். யாழினி அவர்களைப் பின்தொடரும் முன் குறிப்பேட்டைத் திறந்தாள். ‘உயரம் 452 மீட்டர்’ என்று தொடங்கிய தன் உரையின் முதல் வரியை அடித்துவிட்டு, அதன் மேலே புதிதாக எழுதினாள்: ‘என் தாத்தா ஒரு லோரி ஓட்டுநர்.’