எண்ணெய்க் கிணற்றில் மீயொலி

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் நகைக்கடைகள் பல உள்ளன. இத்தகைய கடைகளில் அழுக்கேறிய சங்கிலியைத் துலக்க ஒரு சிறிய நீர்த்தொட்டி உண்டு. சங்கிலியை அதிலிட்டு விசையைத் தட்டினால், கண்ணிகளுக்கிடையே படிந்த அழுக்கு புகைபோல் கலைந்து வெளியேறும். அங்கே வேலை செய்வது மீயொலி.

மனிதக் காது வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே கேட்கும். அதற்கும் மேற்பட்ட ஒலியே மீயொலியாகும். அது நீரில் பாயும்போது நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. அந்த வேகத்தில் அழுக்கு பெயர்கிறது. எண்ணெய்க் கிணற்றைத் துலக்கவும் பொறியியலாளர்கள் இந்த ஒலியை நாடியுள்ளனர்.

எண்ணெய் நிலத்தடியில் குளம்போல் தேங்கிக் கிடப்பதில்லை. கடற்பஞ்சில் நீர் ஊறியிருப்பதுபோல் பாறையின் நுண்துளைகளில் அடங்கியிருக்கிறது. சரவாக், மிரியில் 1910ஆம் ஆண்டு தோண்டப்பட்ட கிணறே இன்றைய மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு. அது 1972இல் மூடப்பட்டது. ஒரு கிணறு ஓய்ந்துவிட்டால் அங்கே எண்ணெய் முற்றாகத் தீர்ந்துவிட்டது என்று பொருளன்று. உலகின் பல எண்ணெய் வயல்களில் பாதிக்கும் மேற்பட்ட எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடுகிறது. நிலத்தடி அழுத்தம் குறைவது இதற்கு ஒரு காரணம். கிணற்றையொட்டிய துளைகளை மெழுகும் தார் போன்ற பொருள்களும் சேற்றுத் துகள்களும் அடைத்துக்கொள்வது மற்றொரு காரணம். மீயொலி தீர்க்க முயல்வது இந்த அடைப்பை மட்டுமே.

நீண்ட குழாய் வடிவக் கருவியைக் கம்பிவடத்தில் கட்டி, எண்ணெய் ஊறும் ஆழம்வரை இறக்குகின்றனர். மேலிருந்து மின்சாரம் பாய்ந்ததும் கருவி அதிர்கிறது. அந்த ஆழத்தில் அழுத்தம் மிகுதி என்பதால் நகைத்தொட்டியில் போலக் குமிழிகள் எளிதில் தோன்றா. அதிர்வும் அதனால் எழும் வெப்பமுமே மெழுகை இளக்கித் துகள்களை அசைக்கின்றன.

ஆனால், எல்லாப் பாறைகளும் ஒரே வகையில் இணங்குவதில்லை. துளைகள் நன்கு இணைந்த மணற்கல்லில் பெயர்ந்த அழுக்கு எண்ணெயோடு வெளியேறிவிடும். களிமண் கலந்த மணற்கல்லிலோ அசைந்த துகள்களே வேறிடத்தில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் துளைகளும் ஒழுங்கின்றி அமைந்திருக்கும். அதை அமிலம் கரைக்கும் என்பதால் அங்கே அமிலம் ஊற்றுவதே பழைய வழக்கம். ரஷ்யாவின் மேற்குச் சைபீரியக் கிணறுகளில் இம்முறையைச் சோதித்தவர்கள், இறுகிய பாறைகளில் மீயொலியோடு வேதிப்பொருளும் தேவைப்படுவதைக் கண்டனர்.

மேலும், பாறைக்குள் மீயொலி மிகக் குறுகிய தொலைவே செல்லும். தொலைவிலுள்ள எண்ணெயை அது இழுத்து வராது. வாசலை மட்டுமே துலக்கும். மலேசியாவின் கிணறுகளில் பெரும்பாலானவை கடலில் உள்ளன. அங்கே கருவியை இறக்கக் கிணற்றை நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நாளும் செலவுதான். ஆகவே, அந்தப் பாறையின் துண்டொன்றை முதலில் ஆய்வுக்கூடத்தில் அதிரவைத்துப் பார்ப்பதே அறிவுடைய செயல்.