நம்பர்களை சிம்மில் ஏற்றாதீர்கள்

கேள்வி: விருதுநகரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பல வருடமாக சாம்சங் போன். அதில் வாடிக்கையாளர்கள், நூல் கடை, பீக்கோ போடும் இடம் என்று எழுநூறுக்கும் மேல் நம்பர் இருக்கிறது. பெரும்பாலும் தமிழில்தான் பெயர் போட்டிருக்கிறேன். மகன் இப்போது ஐபோன் வாங்கி அனுப்பியிருக்கிறான். இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. "எல்லாத்தையும் சிம்முல காப்பி பண்ணிட்டு, சிம்மை மாத்திப் போட்டுட்டா முடிஞ்சுது" என்கிறார் செல்போன் கடைத் தம்பி. அப்படிச் செய்யலாமா சார்?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: வேண்டாம் அம்மா. பட்டன் போன் காலத்தில் அது சரியான யோசனை. இப்போது அதனால் உங்களுக்கு நஷ்டம்தான் வரும்.

சிம் கார்டில் பெயர் வைக்க இருக்கும் இடம் மிகக் குறைவு. பெரும்பாலான சிம்களில் 250 பெயரோடு நிரம்பிவிடும். உங்களிடம் இருப்பதில் பாதிகூட ஏறாது. ஏறுவதும் முழுதாக ஏறாது. ஒருவருக்கு இரண்டு நம்பர் இருந்தால் இரண்டு தனிப் பெயராகப் பிரியும், அல்லது ஒன்று விடுபடும். போட்டோ, முகவரி, "அளவு ஜாக்கெட் தந்திருக்கிறார்" என்று நீங்கள் எழுதி வைத்த குறிப்பு எதுவும் போகாது. தமிழ்ப் பெயர்களின் பாடு இன்னும் மோசம். சிம்மில் ஒரு தமிழ்க் குறியீடு, ஆங்கில எழுத்தைப்போல இரு மடங்கு இடம் பிடிக்கும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். 'தையல்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, சிம்முக்கு ஐந்து. அதனால் நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். ஒரே மாதிரி தொடங்கும் பெயர்களில் எது யார் என்று பிறகு நீங்கள்தான் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் நம்பர்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்பது. ஆண்ட்ராய்டு போனில் ஒரு நம்பர் போனுக்குள் இருக்கலாம், சிம்மில் இருக்கலாம், கூகுள் கணக்கில் இருக்கலாம்; பட்டியலில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். கூகுளில் இருப்பவை எந்தப் போனுக்கும் தானாக வந்துவிடும். மற்றவைதான் வழியில் தொலைபவை. சாம்சங்கில் கான்டாக்ட்ஸ் ஆப்பைத் திறந்து, ஓரத்தில் உள்ள மூன்று கோட்டைத் தொட்டால் எது எங்கே என்று பிரித்துக் காட்டும். அங்கேயே 'மேனேஜ் கான்டாக்ட்ஸ்' என்பதற்குள் 'மூவ் கான்டாக்ட்ஸ்' இருக்கும். போனிலும் சிம்மிலும் இருப்பவற்றை உங்கள் ஜிமெயில் கணக்குக்கு மாற்றுங்கள். பிறகு கம்ப்யூட்டரிலோ வேறு போனிலோ கான்டாக்ட்ஸ் டாட் கூகுள் டாட் காம் பக்கத்தை அதே ஜிமெயிலில் திறந்து, எண்ணிக்கை ஒத்து வருகிறதா, தமிழ்ப் பெயர்கள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இது சரியாக இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஐபோனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், கான்டாக்ட்ஸ் என்று போய், 'கான்டாக்ட்ஸ் அக்கவுன்ட்ஸ்' என்பதில் உங்கள் கூகுள் கணக்கைச் சேர்த்து, கான்டாக்ட்ஸ் பொத்தானை ஆன் செய்யுங்கள். சிறிது நேரத்தில் எல்லாம் வந்துவிடும். இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். முந்தைய கான்டாக்ட்ஸ் பக்கத்துக்குத் திரும்பினால் 'டிஃபால்ட் அக்கவுன்ட்' என்று ஒன்று இருக்கும். அதில் ஜிமெயிலைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நாளை நீங்கள் சேர்க்கும் புது நம்பர்கள் ஐகிளவுடுக்குப் போகும். பழையவை ஓரிடம், புதியவை ஓரிடம் என்று ஆகிவிடும்.

பெட்டியைப் பிரிக்காதது நல்லதாகப் போயிற்று. வாட்ஸ்அப்பில் வந்த அளவுகளும் டிசைன் படங்களும் வேண்டுமென்றால், ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப்பைப் பழைய போனில் ஏற்றி, ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே மாற்ற வேண்டும். அமைத்து முடித்த பிறகு என்றால் ஐபோனை அழித்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்புக்கு நம்பர் பழையதாகவே இருக்கட்டும். 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் கான்டாக்ட்ஸையும் கொண்டுபோகட்டுமா என்று கேட்கும். அதை டிக் செய்யாதீர்கள். கூகுளிலிருந்தும் வரும், இதிலிருந்தும் வரும், ஒவ்வொரு பெயரும் இரண்டிரண்டாக நிற்கும்.

செல்போன் கடைத் தம்பி தன் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துத் தருகிறேன் என்றால் நன்றி சொல்லி வந்துவிடுங்கள். உங்களை நம்பி நம்பர் தந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தப் பட்டியல் இன்னொருவர் கம்ப்யூட்டரில் கிடக்கக் கூடாது. பெயர் தெரியாத 'கான்டாக்ட் டிரான்ஸ்ஃபர்' ஆப்களுக்கும் இதே பதில்தான். கூடுதல் பாதுகாப்பு வேண்டுமானால், பழைய போனின் கான்டாக்ட்ஸ் ஆப்பில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் விசிஎஃப் என்ற ஒரே கோப்பு கிடைக்கும். அதை உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். 1990களில் உருவான முறை. இன்றும் எல்லாப் போனும் அதைப் படிக்கும்.

பழைய போனை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், அதில் பெயர்களை ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள். இரண்டு போனிலும் ஒரே கூகுள் கணக்கு இருப்பதால், அங்கே அழித்தது புதுப் போனிலும் காணாமல் போகும். முதலில் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கி, பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால், வாங்கியவரிடம் அந்தப் போன் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கக்கூடும். தவறி ஏதாவது அழிந்தால் பதறாதீர்கள். கூகுள் கான்டாக்ட்ஸின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். அந்த 30 நாளாவது பழைய போன் உங்கள் மேசை டிராயரிலேயே இருக்கட்டும்.