நிர்ப்பீடனத்துக்கும் ஒரு பிரேக்

தடிமன் வந்தால் எங்கள் வீட்டில் கொத்தமல்லி அவியும். "குடி மகள், எதிர்ப்புச் சக்தி கூடும்" என்பார் உம்மா. கூட்டுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கத் தொடங்கியபின் என்னை வியக்க வைத்ததோ, உடல் அந்தச் சக்தியை அடக்கி வைக்கும் விதம்தான்.

கிருமியின் துண்டொன்றை இனங்கண்டதும் ரி நிணநீர்க்குழியம் உடனே பெருகிவிடுவதில்லை. அதன் மேற்பரப்பிலுள்ள சி.டி.28 என்னும் வாங்கி, கிருமியைக் காட்டிக்கொடுக்கும் கலத்தின் பி7 புரதத்துடனும் இணைய வேண்டும். அது அனுமதி. பெருக்கம் தொடங்கியதும் அதே குழியம் சி.ரி.எல்.ஏ-4 என்ற இன்னொரு வாங்கியை வெளியே கொண்டுவருகிறது. அதுவும் பி7 ஐயே பிடிக்கிறது; சி.டி.28 ஐ விட இறுக்கமாகப் பிடிக்கிறது. ஒரே கதிரைக்கு இருவர் போட்டியிட, பலசாலி அமர்ந்துவிடுகிறார். தூண்டல் குறைந்து பெருக்கம் ஓய்கிறது.

இந்த வாங்கி இல்லாவிட்டால்? இதற்குரிய பரம்பரையலகு நீக்கப்பட்ட சுண்டெலிகள் பற்றிய ஆய்வுகள் 1995 இல் வெளிவந்தன. பிறந்து சில வாரங்களுக்குள்ளேயே அவை இறந்தன. கொன்றது கிருமியல்ல. அவற்றின் சொந்த ரி குழியங்களே இதயத்திலும் சதையியிலும் புகுந்து அழித்திருந்தன. அந்தப் பந்தியை நான் இரண்டு தடவை வாசித்தேன்.

ஜப்பானின் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹொன்ஜோவின் குழு 1992 இல் கண்டறிந்த பி.டி-1 மற்றொரு தடை வாங்கி. இது பெரும்பாலும் சண்டை நடக்கும் இழையத்திலேயே செயற்படுகிறது. அங்குள்ள கலங்கள் பி.டி-எல்1 புரதத்தைக் காட்டினால், ரி குழியத்தினுள் தூண்டலைக் கடத்தும் புரதங்களிலிருந்து பொசுபேற்றுக் கூட்டங்கள் கழற்றப்படுகின்றன, குழியம் அடங்குகிறது. புற்றுநோய்க் கலங்கள் பலவும் இதே புரதத்தைக் காட்டித் தப்பிக்கொள்கின்றன!

அப்படியானால் பிரேக்கைக் கழற்றிவிடலாமே என்று எண்ணியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன். சி.ரி.எல்.ஏ-4 ஐ மறைக்கும் பிறபொருளெதிரி சுண்டெலிகளின் கட்டிகளைக் கரைத்ததை 1996 இல் அவரது குழு வெளியிட்டது. 2011 இல் அவ்வகை மருந்து மெலனோமா என்னும் தோற்புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. 2018 இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

எல்லா நோயாளருக்கும் இது பலிப்பதில்லை. பலித்தாலும், கழற்றிய பிரேக் உடல் முழுவதற்கும் கழன்றதுதான்: பெருங்குடல் அழலலாம், தைரொயிட்டுச் சுரப்பி பாதிக்கப்படலாம், அரிதாக முதலாம் வகை நீரிழிவும் வரலாம். ஆகவே இம்மருந்து ஏற்றப்படும் ஒருவருக்கு வயிற்றோட்டம் கண்டால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலேயே கைமருந்து பார்க்காமல் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர் ஸ்டீரொயிட் மருந்து கொடுத்து, கிளர்ந்த குழியங்களை மீண்டும் அடக்கப் பார்ப்பார்.