காணலும் காத்தலும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

அழகிய பறவையொன்றைக் கண்டவுடன் படமெடுக்கக் கைபேசியை உயர்த்துவது இன்று இயல்பாகிவிட்டது. படம் எடுப்பது நொடிப்பொழுதில் முடிந்துவிடுகிறது; ஓர் உயிரை உள்ளபடி பார்ப்பதற்கோ நெடும்பொறுமை வேண்டும். அப்பொறுமையை வாழ்நாள் முழுவதும் பயின்றவர், சென்னையில் வாழ்ந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் மா. கிருஷ்ணன். அவர் சென்ற வழியையும், மாணவர் குழுக்கள் மேற்கொள்ளத்தக்க இயற்கைக் களப்பயணங்களையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது. நல்ல படமா, படத்தில் உள்ள உயிரின் நலமா என்னும் வினா எழும்போது எதனைத் தேர்ந்தெடுப்பது என்பதையும் எண்ணிப்பார்க்கச் செய்கிறது.

கூவத்தின் வளைவில்

சென்னை நகரின் நடுவே, கூவம் ஆறு வளைந்து சூழ்ந்தோடும் நிலத்தில் அமைந்த பழைய ஊர் சிந்தாதிரிப்பேட்டை. 1734 ஆம் ஆண்டளவில் நெசவாளரையும் நூல் நூற்போரையும் சாயமிடுவோரையும் குடியமர்த்திக் கிழக்கிந்தியக் கும்பினியார் இவ்வூரை உருவாக்கினர். சின்னத்தறிப்பேட்டை என்னும் பெயரே நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை என மருவிற்று என்பர். நெருக்கமான தெருக்கள், மீன் அங்காடி, மே தினப் பூங்கா, பறக்கும் தொடர்வண்டி நிலையம் எனப் பரபரப்பாக இயங்கும் இவ்வூரில் காட்டுயிர்களைக் காணமுடியுமா என்னும் ஐயம் எழலாம்.

அதிகாலையில் நிமிர்ந்து பார்ப்போர்க்கு அவ்வையம் நீங்கிவிடும். மீன் அங்காடியின் மேலே கரும்பருந்துகள் வட்டமிடும். ஆற்றோரச் சேற்றில் மடையான் அசையாது நிற்கும். மண்ணிறமாகத் தோன்றிய அப்பறவை, எழுந்து பறக்கும் நொடியில் வெண்சிறகுகளை விரித்து, இது வேறொரு பறவையோ என வியக்கச் செய்யும். பூங்கா மரங்களில் அணிலும் கிளியும் குயிலும் உண்டு. மனிதரால் வளர்க்கப்படாமல், தம் இயல்பில் தாமே இரைதேடி வாழும் உயிர்கள் அனைத்தும் காட்டுயிர்களே. புலியைத் தேடித் தொலைதூரம் செல்வதற்கு முன், தெருமுனையில் நிற்கும் மடையானைப் பார்க்கப் பழகுவது இயற்கைக் கல்வியின் முதற்படி.

ஆசிரியர் பின்னே நடந்த மாணவர்

இம்முதற்படியைத் தம் வீட்டருகிலேயே கடந்தவர் மா. கிருஷ்ணன். தமிழ்ப் புதின முன்னோடிகளுள் ஒருவரும் ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதியவருமான அ. மாதவையாவின் இளைய மகனாக, 1912 ஆம் ஆண்டு சூன் 30 அன்று திருநெல்வேலியில் அவர் பிறந்தார். குடும்பம் மயிலாப்பூரில் குடியேறியது. அக்கால மயிலாப்பூரில் புதர்க்காடுகள் இருந்தன, பறவைகள் மிகுந்திருந்தன, நரிகளும் வெளிமான்களும்கூடத் திரிந்தன. சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றையும் வளர்த்தான்.

1927 ஆம் ஆண்டு சேப்பாக்கத்தில் உள்ள மாநிலக் கல்லூரியில் கிருஷ்ணன் சேர்ந்தார். அங்குத் தாவரவியல் பேராசிரியராக விளங்கியவர் ஃபைசன். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களை ஆராய்ந்து நூல் எழுதிய அறிஞர் அவர். நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் அவர் மேற்கொண்ட களப்பயணங்களில் கிருஷ்ணனும் உடன் சென்றார். பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் தீட்டவும் கற்றார். ஓர் இலையை வரைய வேண்டுமெனில் அதன் நரம்புகள் பிரியும் விதத்தையும் விளிம்பின் வடிவையும் கூர்ந்து நோக்கியாக வேண்டும். வரைவதற்காகப் பழகிய கண்ணே பின்னாளில் ஒளிப்படக் கருவியின் வழியாகவும் உலகைப் பார்த்தது.

தாவரவியலோடு சட்டமும் பயின்ற கிருஷ்ணன், 1942 ஆம் ஆண்டு பெல்லாரிக்கு அருகிலுள்ள சந்தூர் அரசில் பணியேற்றார். அங்குப் பள்ளி ஆசிரியராகவும் நீதிபதியாகவும் மன்னரின் அரசியல் செயலராகவும் பல பொறுப்புகளை வகித்தார். ஓய்வு கிடைத்த போதெல்லாம் சுற்றியிருந்த காடுகளில் அலைந்தார். சந்தூர் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பிய அவர், எழுத்தையும் ஒளிப்படத்தையுமே வாழ்வாகக் கொண்டார். 1950 முதல் கொல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை குறித்த பத்தியைத் தொடர்ந்து எழுதினார். 1996 ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் மறையும்வரை, 46 ஆண்டுகள், அப்பத்தி நின்றதில்லை. தமிழிலும் அவர் எழுதிய இயற்கைக் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் தொகுப்பாக வெளிவந்துள்ளன. இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

‘காடும் கொல்லைப்புறமும்’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய ஆங்கில நூல் ஒன்று உண்டு. யானைக்கு அளித்த கவனத்தை வீட்டுக் கொல்லையில் திரியும் அணிலுக்கும் காகத்துக்கும் அவர் அளித்தார் என்பதற்கு அத்தலைப்பே சான்று.

> தெரிந்து தெளிவோம்
> பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களைத் தொடர்ந்து கூறுகிறார். நிலத்தையும் அதன் பொழுதையும் மரத்தையும் பறவையையும் விலங்கையும் ஒன்றாக இணைத்துப் பார்க்கும் திணைக் கோட்பாடு, இன்றைய சூழலியல் நோக்கிற்கு நெருக்கமானது.

கருவியும் கண்ணும்

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். அவருடைய ஒளிப்படக் கருவி கடையில் வாங்கியவாறே பயன்படுத்தப்பட்டதன்று. ஒரு நிறுவனத்தின் கருவிப் பெட்டியோடு மற்றொரு நிறுவனத்தின் தொலைவுக்காட்சி லென்ஸைப் பொருத்தி, பிற உறுப்புகளையும் தாமே இணைத்து அவர் அமைத்துக்கொண்டது. பெரியதும் கனமானதுமான அக்கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். அதனைச் சுமந்துகொண்டு காட்டில் நடந்தும் பழக்கிய யானையின் மீதமர்ந்தும் படமெடுத்தார். எடுத்த படம் எப்படி அமைந்தது என்பதை உடனே பார்க்கும் வசதி படச்சுருள் காலத்தில் இல்லை. ஆதலால், விலங்கு அடுத்து என்ன செய்யும் என்பதை முன்னரே அறிந்தவர்க்கே நல்ல படம் வாய்த்தது.

இன்றைய கருவிகள் ஒரு நொடியில் பல படங்களை எடுத்துவிடுகின்றன. எனினும் அடிப்படைகள் மாறவில்லை. லென்ஸின் துளை எவ்வளவு திறக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, கருவி ஒளியை எவ்வளவு நுண்மையாக உணர்கிறது ஆகிய மூன்றும் படத்தின் தரத்தை முடிவு செய்கின்றன. பறக்கும் பறவையின் சிறகு தெளிவாகப் பதிய, ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைந்த நேரமே திறந்திருக்க வேண்டும். அசையாது நிற்கும் மடையானுக்கு இவ்வளவு விரைவு தேவையில்லை. காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் இளவெயில், இறகின் மடிப்புகளைத் தெளிவாகக் காட்டும். உச்சிவெயிலோ வெளிச்சத்தையும் நிழலையும் கடுமையாகப் பிரித்துவிடும். உயிரின் கண் தெளிவாக இருக்கவேண்டும் என்பதும், அதன் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து படமெடுத்தல் நன்று என்பதும் இக்கலையின் பொதுவிதிகள்.

எடுக்காமல் விடும் படம்

கருவியைக் கையாளக் கற்றவருக்கு அடுத்ததாக ஒரு சோதனை காத்திருக்கிறது. புதருக்குள் கூடு ஒன்று தெரிகிறது. மறைக்கும் இலைகளைச் சற்றே விலக்கினால் குஞ்சுகளின் படம் அழகாக அமையும். ஆனால் அவ்விலைகளே அக்குஞ்சுகளுக்கு நிழலும் அரணும் ஆகும். இலை விலகியதும் வெயில் உள்ளே புகும். காகத்தின் பார்வையும் புகும். மனிதரைக் கண்டு அஞ்சிய தாய்ப்பறவை கூட்டிற்குத் திரும்பத் தயங்கும். சில நிமிடங்களில் கிடைத்த படத்திற்கு ஒரு குடும்பமே விலையாகக்கூடும். 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதை வேட்டையாடுதல் என்னும் சொல்லின் வரையறைக்குள்ளேயே அடக்குகிறது.

இதே சோதனையைக் கடற்கரையிலும் காணலாம். பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள், சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வருகின்றன. சனவரி முதல் இரவுகளில் கரையேறும் பெண் ஆமை, மணலில் குழிதோண்டி ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். கடற்பரப்பின் மேல் தெரியும் மெல்லிய வெளிச்சத்தை நோக்கிச் செல்வது அவற்றின் இயல்பு. கரையில் எரியும் மின்விளக்குகள் அவற்றைத் திசைமாற்றிச் சாலைக்கு இழுத்துவிடுகின்றன.

சென்னை மாணவர்கள் 1988 ஆம் ஆண்டு தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, இம்முட்டைகளைக் காத்துவருகிறது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவைத் தன்னார்வலர்கள் இரவில் நடந்து கடக்கின்றனர். ஆமையின் தடத்தைக் கண்டு முட்டைகளை எடுத்து, பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைக்கின்றனர். பொரித்த குஞ்சுகள் கடலில் விடப்படுகின்றன. ஆமையின் முன் ஃபிளாஷ் ஒளியைப் பாய்ச்சிப் படமெடுத்தல் அங்குத் தகாத செயல். விடிய விடிய நடந்து, ஓர் ஆமையைக் கண்டும், படமின்றித் திரும்பும் மாணவர் எதையும் இழப்பதில்லை. அவர் பார்த்தது அவருடன் இருக்கும்; ஆமையும் அச்சமின்றிக் கடலுக்குச் சென்றிருக்கும்.

ஒரே தடத்தில் பல நிலங்கள்

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் தொடர்வண்டித் தடமே மாணவர்க்கு ஒரு களப்பயண வழியாக அமையும். அடுத்த நிலையமான சேப்பாக்கத்தில் கிருஷ்ணன் பயின்ற கல்லூரி உள்ளது. திருமயிலை அவர் வாழ்ந்த பகுதி. கோட்டூர்புரத்தை அடையுமுன் தொடர்வண்டி அடையாற்றைக் கடக்கிறது. திருவான்மியூரில் இறங்கினால் ஆமைகள் வரும் கடற்கரை. பெருங்குடியில் இறங்கினால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். கூழைக்கடா, பூநாரை, நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி முதலிய நீர்ப்பறவைகளின் புகலிடமான இச்சதுப்புநிலம், குப்பை மேட்டாலும் கட்டடங்களாலும் பெருமளவு சுருங்கிவிட்டது. எஞ்சிய பகுதி 2022 ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

களப்பயணக் குழு சிறியதாக இருத்தல் நலம். பத்துப் பேருக்கு மேற்பட்டால் காலடி ஓசையே பறவைகளைக் கலைத்துவிடும். மண்ணோடும் இலையோடும் இயைந்த நிற உடை, தண்ணீர், தொப்பி, குறிப்பேடு, குழுவிற்கு ஒரு பைனாகுலர் ஆகியவை போதுமானவை. ஒருவர் பார்ப்பதைச் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் படமெடுக்க, ஒருவர் நேரத்தையும் எண்ணிக்கையையும் குறிக்கலாம். பின்னர் பொறுப்புகளை மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வோரிடத்திலும் முதல் பத்து நிமிடங்கள் கருவியைத் தொடாமல் பார்ப்பது நல்ல பழக்கம். பறவை தலையை உயர்த்தி, இரை தேடுவதை நிறுத்திவிட்டால், குழு அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது என்பது பொருள். அப்போது பின்வாங்குவதே முறை.

சான்றாகும் படம்

நாளும் இடமும் குறிக்கப்பட்ட ஒளிப்படம், அழகுப்பொருள் என்னும் நிலையைக் கடந்து சான்றாக உயர்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவர்களும் பங்கேற்றுத் தாம் கண்ட பறவைகளைப் பதிவுசெய்கின்றனர். பெயர் தெளிவாகாத பறவைக்கு எடுத்த படமே விடை தரும். 2025 சனவரியில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரையில் இறந்து ஒதுங்கின. ஆமைகள் நுரையீரலால் மூச்சுவிடுபவை; இழுவலைகளில் சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறக்கும். அவ்வாண்டு வெளியான ஒளிப்படங்கள் அவலத்தை மக்கள்முன் கொண்டுவந்து நிறுத்தின. காணாத இழப்பிற்காக எவரும் வருந்துவதில்லை. காட்டப்பட்ட இழப்பை எளிதில் கடந்துவிடவும் இயலாது.

பார்க்கக் கற்றவர் காக்கவும் கற்கிறார். ஃபைசனின் பின்னே மலையேறிய மாணவர்க்கு முதலில் வாய்த்தது கூர்ந்த பார்வை. கருவி பின்னரே வந்தது. கூவத்தின் கரையில் மடையான் இன்றும் அசையாது நிற்கிறது. அது பறந்துவிடாத தொலைவில் நின்று பார்க்கத் தெரிந்தவரே அதன் படத்தை எடுக்கத் தகுதியுடையவர்.

இலக்கணக் குறிப்பு

காணலும் காத்தலும் – எண்ணும்மை
நெடும்பொறுமை – பண்புத்தொகை
சென்ற வழி – பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

நடந்தனர் = நட + த் (ந்) + த் + அன் + அர்
நட – பகுதி. த் – சந்தி, ‘ந்’ ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

கற்பவை கற்றபின்

1. பள்ளி வளாகத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் நாள்தோறும் பத்து நிமிடம் கவனித்து, அங்கு வந்த உயிர்களை நேரத்துடன் அட்டவணைப்படுத்துக.
2. ‘கூட்டிலுள்ள குஞ்சுகளைப் படமெடுக்கலாமா?’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

பலவுள் தெரிக

1. மா. கிருஷ்ணனின் களப்பயணங்களுக்கு வழிகாட்டிய பேராசிரியர் பயிற்றுவித்த துறை
அ) விலங்கியல் ஆ) தாவரவியல் இ) சட்டம் ஈ) ஓவியம்

2. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஆண்டு
அ) 1972 ஆ) 1988 இ) 1996 ஈ) 2022

குறுவினா

1. சிந்தாதிரிப்பேட்டையின் பெயர்க்காரணம் யாது?
2. கடலாமைக் குஞ்சுகள் திசைமாறுவது ஏன்?

சிறுவினா

1. ஓவியப் பயிற்சி ஒளிப்படக் கலைக்கு எவ்வாறு துணைசெய்யும் என்பதை விளக்குக.
2. களப்பயணக் குழு கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா

‘எடுக்காமல் விடும் படமும் காட்டுயிர் ஒளிப்படக் கலையின் ஒரு பகுதியே’ – இக்கருத்தைப் பாடப்பகுதிச் சான்றுகளுடன் நிறுவுக.