பாடம் 5: மழையை அளப்போம், மலையைக் கவனிப்போம்

நீங்கள் மீண்டும் உங்கள் தோட்டத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கூரையைத் திருத்துவது, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது என்று வேலைகள் பல இருக்கும். அவற்றோடு இன்னொன்றையும் இப்போதே செய்யுங்கள்: அடுத்த பெருமழையில் எப்போது வெளியேறுவது, எங்கே போவது என்று குடும்பமாக முடிவெடுங்கள்.

மீரியபெத்த தரும் பாடம்

2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். வீட்டில் இருந்த பெரியவர்கள் பலர் மண்ணுக்குள் புதைந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தால் மட்டும் போதாது. போகும் நேரமும் இடமும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

மலையில் ஏன் மழை கூடுகிறது?

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகிறது. குளிர் நாட்டு மலைகளில் இப்படித்தான் பனி கொட்டுகிறது. ஊவாவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கூடுதல் கவனம் தேவை. வானொலி அறிவிப்பு மாவட்டம் முழுவதற்கும் பொதுவானது. உங்கள் மலையில் பெய்யும் மழை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதனால் நீங்களே அளந்து பாருங்கள்.

வீட்டில் மழைமானி

1. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, அடி தட்டையான தகர டின் ஒன்றை எடுங்கள்.
2. கூரைத் தண்ணீரும் மரத் தண்ணீரும் விழாத வெளியில், சாயாதபடி வையுங்கள்.
3. தினமும் காலை 6 மணிக்குப் பாடசாலை அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்து, கொப்பியில் எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள்.
4. அடைமழையின்போது ஊற்றாமல், மணிக்கு ஒருமுறை பாருங்கள். இரவில் பெரியவர்கள் முறை வைத்து விழித்திருங்கள்.

24 மணித்தியாலத்தில் பெய்த மழை

- 75 மி.மீ. (7.5 செ.மீ.) – மஞ்சள்: விழிப்பாக இருங்கள்.
- 100 மி.மீ. – செம்மஞ்சள்: பையைக் கட்டுங்கள். முதியோர், கர்ப்பிணிகள், பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள்.
- 150 மி.மீ., அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. – சிவப்பு: உடனே வெளியேறுங்கள்.

பல நாள் மழையில் மண் ஊறியிருந்தால், இதைவிடக் குறைந்த மழையிலும் மலை சரியலாம்.

அளவைப் பார்க்காமல் வெளியேற வேண்டிய அடையாளங்கள்

நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு. மரமும் மின்கம்பமும் சாய்வது. கதவு திடீரென இறுகுவது. ஊற்று நீர் கலங்குவது அல்லது திடீரென நிற்பது. மலைக்குள் இரைச்சல் கேட்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அயலவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியேறுங்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். மழை விட்டதும் திரும்பி ஓடாதீர்கள். மழை நின்ற பிறகும் மலை சரிவதுண்டு. அதிகாரிகள் சொல்லும்வரை காத்திருங்கள்.

குடும்பமாகப் பேசுங்கள்

- இரவு 2 மணிக்கு வெளியேற நேர்ந்தால் எந்தப் பாதையால் போவோம்? அந்தப் பாதை ஓடையைக் கடக்கிறதா?
- நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது?
- அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து ஆகியவை ஒரே பையில் இருக்கின்றனவா?

பதிலை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.