காளானைப் படம் பிடிக்கலாம் வாங்க!

(இரண்டாம் ஆண்டு மாணவி, பீங்கான் தொழில்நுட்பப் பிரிவு)

ஐப்பசி மழை நாலு நாள் பெய்தால் போதும், நம் விருத்தாசலத்தைச் சுற்றிக் காளான்கள் தலைநீட்டும். வைக்கோல் போர், சாணக் குவியல், முந்திரிக் காட்டுப் புற்று, மைதானப் புல்தரை என்று பல இடங்களில் பார்க்கலாம். ஆனால் நாம் பிசைகிற வெள்ளைக் களிமண்ணில் முளைக்காது. ஏன்? காளானுக்குப் பச்சையம் கிடையாது. மக்கிய மரமோ வைக்கோலோ சாணமோ இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு. ஆகவே காளானைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எதைத் தின்று வளருது?"

புற்றுக் காளானையே எடுத்துக்கொள்வோம். கறையான்கள் புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் வளர்க்கின்றன. மழைக்குப் பின் அங்கிருந்து வேர்போல நீண்ட தண்டு மேலே வந்து குடை விரிக்கிறது. இந்தப் பேரினத்துக்கு 1942இல் 'டெர்மிடோமைசஸ்' என்று பெயர் வைத்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் ரோஜர் ஹெய்ம். 1979இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் ஒரு புது வகையை விவரித்து, 'டெர்மிடோமைசஸ் ஹெய்மி' என்று அவர் பெயரையே சூட்டினார்.

பள்ளிக்கூடமே போகாத என் அம்மாவுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. ஆனா அவங்க குடையைப் பார்த்து முடிவு பண்ண மாட்டாங்க. குச்சியால் அடிமண்ணைக் கிளறி, வேர் ஆழமாகப் போகுதான்னு பார்ப்பாங்க. நாமோ செல்போனை மேலே பிடித்துக் குடையை மட்டும் எடுக்கிறோம். அம்மா பார்க்கிற இடம் நம் படத்தில் விழுவதே இல்லை!

இதில்தான் ஆபத்து. புல்தரையில் வரும் 'குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்' மேலிருந்து பார்த்தால் நல்ல வெள்ளைக் காளான் மாதிரியே இருக்கும். தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. அதன் வித்துத்தூள் பச்சை நிறம். புற்றுக் காளானுக்கு வெளிர் இளஞ்சிவப்பு.

எனவே ஒரு காளானுக்கு நாலு படம் தேவை:

1. முளைத்த இடம்.
2. குடையின் மேற்புறமும் அடி மடிப்புகளும்.
3. வேரோடு எடுத்த முழுத் தண்டு, பக்கத்தில் ஓர் அடிக்கோல். (புற்றில் பாம்பு இருக்கும்; கையை விடாதீர்கள்.)
4. வித்துத்தூள். தண்டை நறுக்கிவிட்டு, மடிப்பு கீழே இருக்கும்படி குடையை உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டில் வைத்து, டம்ளரால் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் தூளின் நிறம் தெரியும். வெள்ளைத் தூளுக்குக் கறுப்பு டைல்ஸ் நல்லது. பிறகு கை கழுவுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். படத்தை நம்பிக் குழம்பு வைக்காதீர்கள்! பூச்சி தின்றிருக்கு, மஞ்சள் போட்டும் நிறம் மாறலை என்பதெல்லாம் சோதனையே அல்ல. சில காளான்களின் விஷம் வேகவைத்தாலும் போகாது; ஆறு மணி நேரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். யாராவது தின்று உடம்புக்கு முடியாமல் போனால், மிச்சக் காளானோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

படத்தோடு தேதியும் இடமும் எழுதி வையுங்கள். அம்மாக்கள் மனதில் மட்டும் இருக்கிற கணக்கு, நம் கையால் ஏட்டில் ஏறட்டும்!