வெள்ளி ரூபாயின் மதிப்பு

தீபாவளியை ஒட்டி வட இந்திய இல்லங்கள் பலவற்றில் இலக்குமி பூசைத் தட்டில் பழைய வெள்ளி ரூபாய் ஒன்று இடம்பெறும். விக்டோரியா அரசியின் முகமோ ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகமோ பொறித்த அக்காசு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்ததாக இருக்கும். பணமுடை நேரும்போது அதனை விற்க எடுத்துச் செல்பவருக்கு வெள்ளியின் விலை மட்டுமே கிடைப்பதுண்டு. போலி என்று கூறித் திருப்பித் தரப்படுவதும் உண்டு. காசை ஆராயத் தெரிந்தவர் இவ்விரு ஏமாற்றங்களிலிருந்தும் பெரும்பாலும் தப்பிவிடுவார்.

முதலில் பார்க்க வேண்டியது எடை. 1835ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகளுக்கு ஒரே சீரான ரூபாயை வகுத்தது. அதன் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இவ்வளவு மாறவில்லை. 1940இல், உலகப் போர்க் காலத்தில், வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டு ரூபாயோ நிக்கலால் ஆனது. ஆகவே 1947 ரூபாய் காந்தத்தில் ஒட்டினால் வியப்பில்லை. விக்டோரியா ரூபாய் ஒட்டினால் அது போலியே. ஒட்டாததனால் மட்டும் காசு உண்மையானது ஆகிவிடாது. செம்பும் ஈயமும்கூடக் காந்தத்தில் ஒட்டுவதில்லை.

அடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். நாணயச்சாலையில் அச்சால் அடித்த காசில் எழுத்துகளின் ஓரம் கூர்மையாகவும் வெற்றிடம் வழவழப்பாகவும் இருக்கும். உருக்கி வார்த்த போலியிலோ நுண்துளைகள் தென்படும், எழுத்துகள் மழுங்கியிருக்கும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஒன்று ஓடலாம். விளிம்பிலுள்ள பல்வரிகள் சீராக உள்ளனவா என்பதையும் நோக்க வேண்டும். கல்லில் போட்டு ஓசை கேட்பது பழைய வணிகர் வழக்கம். வெள்ளி கணீரென ஒலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல காசின் விளிம்பை நசுக்குவதற்கும் அதுவே எளிய வழி.

காசின் நிலையை அறிய, மேடான பகுதிகளைப் பார்த்தல் வேண்டும். தேய்மானம் முதலில் அங்கேதான் தொடங்கும். விக்டோரியா ரூபாயில் மகுடத்தின் நுண்வேலைப்பாடும் தலைமயிரின் இழைகளும் தெளிவாக இருப்பின் அது அதிகம் புழங்காத காசு. இங்கே பலர் பெருந்தவறு செய்கின்றனர். பூசைக்கு முன் புளியோ சாம்பலோ இட்டுப் பளபளக்கத் தேய்த்துவிடுகின்றனர். நூறாண்டு கடந்த வெள்ளியின் மேல் படிந்த கருமை அழுக்கன்று; காலம் இட்ட மெல்லிய போர்வை. அதனைத் தேய்த்து நீக்கினால் நுண்கீறல்கள் விழும். சேகரிப்பாளர் தரும் விலையும் இறங்கும். இழந்ததை எந்த மெருகும் மீட்டுத் தராது.

பழமை மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை. 1862 எனப் பொறித்த ரூபாய் இன்றும் எளிதில் கிடைக்கிறது. பல ஆண்டுகள் அதே ஆண்டெண்ணைப் பொறித்தே காசு அடித்தனர். அதைவிட மிகவும் இளைய 1939ஆம் ஆண்டு ரூபாயோ அரிது. அரியதாக இருப்பதனாலேயே போலிகளும் அதற்கு மிகுதி. 1911ஆம் ஆண்டு ரூபாயின் கதை வேறு. மன்னர் அணிந்த ஆரத்திலிருந்த யானை, துதிக்கை சரியாக அமையாமையால், பன்றிபோல் தோன்றியது. மக்களிடையே எதிர்ப்பு எழவே, மறு ஆண்டே உருவம் திருத்தப்பட்டது. அந்த ஓராண்டுக் காசைச் சேகரிப்பாளர் இன்றும் விரும்பித் தேடுகின்றனர்.

1818 என்ற ஆண்டும் அனுமன் உருவமும் பொறித்த ‘கம்பெனி அணா’ சந்தைகளில் விற்கப்படுகிறது. கம்பெனி அத்தகைய காசை வெளியிட்டதே இல்லை. அரிசியை ஈர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்று கூறிப் பெருந்தொகை பறிப்போரும் உள்ளனர். பழைய காசுகளை வாங்குவதாகச் சொல்லித் தன் பெயரால் கட்டணம் கேட்போரை நம்ப வேண்டாம் என 2021இல் இந்திய ரிசர்வ் வங்கி எச்சரித்தது. விற்பவரிடமே முன்பணம் கேட்கும் வணிகர் காசை வாங்க வந்தவர் அல்லர்.

சொற்பொருள்

பணமுடை – பணத் தட்டுப்பாடு
உருப்பெருக்கி – சிறியதைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி
தேய்மானம் – தேய்ந்து குறைதல்

பயிற்சி

1. காந்தத்தில் ஒட்டாத காசு உண்மையானது என உறுதியாகக் கூற முடியாதது ஏன்?
2. 11.66 கிராம் எடையுள்ள 1911ஆம் ஆண்டு ரூபாயில் உள்ள தூய வெள்ளி எத்தனை கிராம்?
3. வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள பழைய காசு ஒன்றைத் தேய்க்காமல் உற்றுநோக்கி, அதன் நிலையை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.